வளவும் இல்லமும்

முக்கூடற்பள்ளைப் படித்தவர்கள் எல்லோரும், ஊரின் பெயரை அறியாமலேயே, சீவலப்பேரிக்குப் போய்வந்தவர்கள்தாம். திருநெல்வேலிக்குக் கிழக்கே தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் இடம் அது. பள்ளு பாடுகிற முக்கூடல் இந்தச் சங்கமமே. பீடித் தொழிலால் பெயர்பெற்ற முக்கூடல் என்ற பேரூர் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது, அது வேறு. 1994இல் வந்த ஒரு திரைப்படத்தின் தயவால் சீவலப்பேரி என்றதும் தமிழகத்துக்கு அரிவாள்தான் நினைவுக்கு வருகிறது என்பது அவ்வூருக்கு நேர்ந்த துரதிருஷ்டம். நஞ்சையும் அழகர் கோயிலும் ஆற்றங்கரையுமாக இருக்கும் ஊர்.

பள்ளில் ஓர் உழவன், முக்கூடலைச் சேர்ந்த மூத்த மனைவி, மருதூரிலிருந்து வந்த இளையவள், இவர்களை ஆட்டிவைக்கும் பண்ணைக்காரன். மழை வருகிறது, ஆறு பெருகுகிறது, உழுகிறார்கள், நடுகிறார்கள், அறுக்கிறார்கள். ஒரு பயிர்ச்சுற்றோடு நூல் முடிந்துவிடுகிறது. அந்த மூத்தவள் இன்னும் முப்பது வருடம் கழித்து எந்த வீட்டில், யார் அடுப்பில் பொங்கித் தின்றாள் என்று சிற்றிலக்கியத்திடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் வரலாற்றிடம் கேட்கலாம். வயதானவர்கள் எங்கே இருந்தார்கள், எப்படிப்பட்ட கூரையின் கீழ் இருந்தார்கள் என்ற கேள்விக்குத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு தருகிற விடைகள் நாம் வழக்கமாக எண்ணிக்கொள்வதைவிடப் பலவிதமானவை.

நாம் வழக்கமாக எண்ணிக்கொள்வது இரண்டே விடைகளைத்தான். ஒன்று, கூட்டுக்குடும்பம். மற்றொன்று, முதியோர் இல்லம். முன்னது பண்பாடு, பின்னது அதன் வீழ்ச்சி. பட்டிமன்றங்கள் இதைக் கொண்டு பல ஆண்டுகள் பிழைத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, தன் வாசலைத் தானே திறந்து மூடிக்கொண்டு, ஆனால் தனித்துவிடப்படாமல், பத்துப் பேர் கண்பார்வையில் வாழ்ந்து முடிகிற மூன்றாவது வழி ஒன்று உண்டு. மேலைநாட்டு நிபுணர்கள் இன்று அதற்குப் பல பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் இல்லாமலே அது இருந்திருக்கிறது.

முதலில் கூட்டுக்குடும்பம் என்ற பொற்காலத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகள் அமெரிக்கா போனதால் பெற்றோர் தனித்துப் போனார்கள் என்று சொல்கிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் வெளியேறத் தொடங்கி நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இலங்கையின் தோட்டங்களுக்குப் போன கூலிகள், கொழும்பில் கடை வைத்தவர்கள், பிறகு பம்பாய் தாராவியில் குடியேறியவர்கள் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் உழைக்கும் வயதினர் போய்க்கொண்டே இருந்தார்கள். கிழவனும் கிழவியும் ஊரில் இருந்தார்கள். கடிதமும் மணியார்டரும் வந்தன, அல்லது வராமல் நின்றன.

ஊரிலேயே பிள்ளைகள் இருந்த வீடுகளிலும் நிலைமை ஒரே மாதிரி இல்லை. மகன்கள் மாதமுறை வைத்துச் சோறு போடுவது இன்றும் வழக்கில் உள்ளதுதான். ஒன்றாம் தேதி வந்தால் தாய் தன் துணிமூட்டையோடு அடுத்த மகன் வீட்டுக்குப் போக வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி யாருடைய கணக்கு என்பதில் சண்டை வந்த வீடுகள் உண்டு. இதைவிடப் பல கிழவிகள் விரும்பியது தனி அடுப்பு. மகன் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் தானே பொங்கிச் சாப்பிடுவது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் மகன் ஒதுக்கிவிட்டான் என்பார்கள். அவளைக் கேட்டால் மருமகள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரு சுவர் தள்ளி உறவும், ஓர் அடுப்பளவு சுதந்திரமும் என்ற இந்த ஏற்பாட்டை அனாதரவு என்று மட்டும் படிப்பது அவசரம்.

கெட்ட காலம் வந்தால் என்ன ஆகும் என்பதை வண்ணநிலவன் எழுதியிருக்கிறார். ‘எஸ்தர்’ கதையைப் படித்த யாரும் அந்தப் பாட்டியை மறந்திருக்க முடியாது. மழை பொய்த்து ஊரே காலியாகிறது. குடும்பம் பிழைக்கக் கிளம்ப வேண்டும். நடக்கமாட்டாத பாட்டியைக் கொண்டுபோகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்தக் குடும்பத்தில் கொடியவர் ஒருவரும் இல்லை. அன்பு குறைந்ததாகவும் சொல்ல முடியாது. எஸ்தர் சித்தி அந்த இரவில் என்ன செய்தாள் என்பதை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகிறார். குடும்பத்தைத் தவிர வேறெதுவுமே இல்லாத சமூகத்தில் குடும்பத்தின் தோளில் எவ்வளவு கனம் ஏறும் என்பதற்குத் தமிழில் அதைவிடக் கடுமையான சாட்சியம் எனக்குத் தெரியாது.

கதையை விட்டு வெளியே வந்தாலும் தலைக்கூத்தல் இருக்கிறது. விருதுநகர், திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டக் கிராமங்களில், படுத்த படுக்கையான முதியவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் முழுக்காட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சல் கண்டு இறந்துபோகச் செய்யும் வழக்கம். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தமக்கு நடக்கவிருப்பதை அறிந்து வீட்டைவிட்டு வெளியேறிய செய்தி வந்தபிறகே நகரத்துப் பத்திரிகைகள் இதை எழுதின. ‘பாரம்’, ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ ஆகிய திரைப்படங்கள் பின்னர் வந்தன. கொலை என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், படுக்கைப்புண்ணைக் கழுவ ஒரு கை, மாற்றிப் படுக்கவைக்க இரண்டு கை, கூலிக்குப் போகாமல் வீட்டில் இருக்க ஓர் ஆள் என்று அந்த வீடுகளுக்குத் தேவைப்பட்டது எதையும் பேசாமல் தப்பித்துவிடுகிறோம்.

இனி இல்லம் என்ற கட்டடத்துக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது?

கல்வெட்டு ஆர்வலர்கள் உடனே திருமுக்கூடலைச் சொல்வார்கள். பெயர் ஒற்றுமை வேடிக்கையானது. அது காஞ்சிபுரம் பக்கத்து முக்கூடல். வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயிலோடு சேர்ந்த பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலையையும் அதன் மருத்துவர், பணிப்பெண்கள், மருந்துகள் ஆகியவற்றையும் விவரிக்கிறது. அருமையான ஆவணம். ஆனால் அது அங்கே பயின்ற மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமானது. ஊர்க் கிழவிக்கானது அல்ல. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சாலைகளும் சத்திரங்களும் வழிப்போக்கருக்கானவை. தங்கிவிட வந்தவருக்குச் சத்திரத்தில் இடமில்லை. நம் பழைய அறக்கட்டளைகள் பசிக்குச் சோறும், நோய்க்கு மருந்தும், நடைக்கு நிழலும் தந்தன. முதுமை என்ற ஒன்றைத் தனியாக எடுத்து அதற்கெனக் கூரை போடவில்லை.

அந்தக் கூரையின் ஆரம்பம் பஞ்சத்தில் இருக்கிறது. 1782இல், ஹைதர் அலியின் போர்க்காலத்துப் பஞ்சத்தில், சென்னைக் கோட்டைக்கு வடக்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது ‘மானேகர் சௌல்ட்ரி’ ஆயிற்று. அதன் பக்கத்தில் வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி. வடசென்னையின் பழைய ஆட்கள் அதை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். கஞ்சிக்கு வந்து, போக்கிடம் இல்லாமல் தங்கிவிட்டவர்களால் அந்தச் சத்திரம் முதியோர் இல்லமாகவும் ஆனது. யாரும் திட்டமிட்டு அதைத் தொடங்கவில்லை. பஞ்சம் முடிந்தபிறகும் எழுந்து போகாதவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இதே காலத்தில் வேறொரு வாதம் நடந்துகொண்டிருந்தது. ஏழைக்கு அவன் வீட்டிலேயே உதவி கொடுப்பதா, ஓர் இல்லத்துக்குள் வரச்செய்து கொடுப்பதா என்பது அந்த வாதம். 1834ஆம் ஆண்டின் ஏழைச் சட்டம் இல்லத்தின் பக்கம் சாய்ந்தது. வீட்டில் கொடுத்தால் சோம்பேறிகள் பெருகுவார்கள். இல்லத்துக்குள் வாழ்க்கை வேண்டுமென்றே கடினமாக இருந்தால் உண்மையிலேயே கதியற்றவர் மட்டுமே வருவார் என்பது அதன் தர்க்கம். சோம்பேறிகளை மிரட்டக் கட்டிய அந்த உழைப்பில்லங்களில் கடைசிவரை மிஞ்சியவர்கள் வேலை செய்ய முடியாத கிழவர்களும் கிழவிகளும். பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 173 முதியோர் இல்லங்களுக்கு நேரில் போய்வந்து 1962இல் வெளியிட்ட நூலில், அரசு நடத்திய இல்லங்களில் பல இன்னமும் அதே பழைய உழைப்பில்லக் கட்டடங்களில் இயங்குவதைப் பதிவு செய்தார். உள்ளே இருந்தவர்களில் பெரும் பங்கினர் சிறிது உதவி கிடைத்தால் தம் வீட்டிலேயே வாழக்கூடியவர்கள் என்பதும் அவருடைய முடிவு.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு (1876-78 என்று வரலாற்று நூல்கள் கொள்ளும் அதே பஞ்சம்) இந்தியாவுக்கென வகுத்த பஞ்ச விதிகளில் இந்த இரண்டு வழிகளும் பக்கம் பக்கமாக இருந்தன. ஒருபுறம் நாதியற்றவர்களை அடைக்கும் ஏழையர் விடுதி. மறுபுறம் வேலைக்கு வர முடியாத முதியவரும் ஊனமுற்றவரும் கிராமத்திலேயே இருந்து, ஊர் அதிகாரி மூலம் படியளவு பெறும் முறை. இரண்டாவதே மலிவானது என்பதையும், மக்கள் விடுதியை வெறுத்தார்கள் என்பதையும் அதிகாரிகள் அறிந்திருந்தார்கள். இருந்தும் பஞ்சம் போனபிறகு நிலைத்து நின்றது கட்டடந்தான். படியளந்து கொடுத்ததற்கு நினைவுச்சின்னம் இல்லை. விடுதிக்குக் கல்வெட்டு வைக்கலாம். தர்மம் செய்கிறவர்களின் மனோபாவம் இதில் இரண்டு நூற்றாண்டுகளாக மாறவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பின்னணியில்தான் வளவைப் பற்றிப் பேச வேண்டும். திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தெருவில் ஒரே ஒரு வாசல். உள்ளே நுழைந்தால் நீண்ட முற்றம் அல்லது நடை. அதன் இருபுறமும் அல்லது ஒருபுறம் சிறுசிறு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தார்சா, ஒரு பட்டாசல், ஓர் அடுப்பங்கரை. கிணறு பொது, புறவாசல் பொது, முற்றத்து வெயில் பொது. வடகம் காயப்போடுவதும் நெல் உலர்த்துவதும் முறைவைத்து. வண்ணதாசன், கலாப்ரியா தொடங்கி சுகா வரை திருநெல்வேலி எழுத்தாளர்கள் வழியே இந்தச் சூழலை வாசகர்கள் அறிந்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளின் ஈரம் பாதி அந்த முற்றத்திலிருந்து வந்தது.

வளவு என்பது முதியோருக்காகக் கட்டியதல்ல. சொத்து பிரிந்த பங்காளிகளும் வாடகைக்கு வந்தவர்களும் கலந்து இருந்த இடம். ஆனால் பகலில் ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின் அதை உண்மையில் ஆண்டவர்கள் ஆச்சிகளே. விதவையான ஆச்சிக்குக் கடைசி வீடு, குறைந்த வாடகை. அவள் தனியாக இருக்கிறாள். ஆனால் காலையில் அவள் கதவு திறக்கவில்லையென்றால் எட்டு மணிக்குள் யாராவது தட்டிவிடுவார்கள். வேலைக்குப் போகிறவள் கைக்குழந்தையை அவளிடம் விட்டுப் போவாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பு வரும். அது பிச்சையல்ல, பிள்ளை பார்த்ததற்குக் கூலியுமல்ல. இந்தக் கணக்கு எழுதப்படாத கணக்கு என்பதாலேயே அதில் மானம் இருந்தது.

இதையும் பொற்காலமாக்க வேண்டாம். வளவு சாதி பார்த்தது. ஒரு சாதியார் வளவில் இன்னொருவருக்கு வீடு கிடைக்காது. தலித்துகளுக்கு அந்தத் தெருவே கிடைக்காது. விதவை எந்நேரம் வெளியே போனாள் என்பதற்குக் காவல் இருந்தது. பொதுக் கழிப்பிடம் முழங்கால் வலிக்காரிக்குத் தண்டனை. எட்டுக் கண் பார்க்கும் இடத்தில் பாதுகாப்பும் உளவும் ஒன்றாகவே வரும். ஆனாலும் ஒரு முதியவள் தன் கதவுக்குத் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, துணையையும் இழக்காமல் இருக்கக்கூடிய கட்டட வடிவம் ஒன்றை நிபுணர் எவரும் இல்லாமல் இந்த ஊர் கண்டுபிடித்திருந்தது. 1980களிலிருந்து வளவுகள் இடிக்கப்பட்டு வணிக வளாகங்களும் அடுக்ககங்களும் ஆனபோது நாம் இழந்ததாக வருந்தியது மரத்தூண்களை. அந்தக் கடைசி வீட்டு ஆச்சி எங்கே போனாள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஆற்றோடு கிழக்கே போனால் கடற்கரைக்குச் சற்று முன் இன்னொரு விடை இருக்கிறது: காயல்பட்டினம். அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் மணமகன்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு மகளுக்கு. ஒரு பெண் பிறந்த வீட்டிலோ, அதை ஒட்டிக் கட்டிய வீட்டிலோதான் மணமாகி, பிள்ளை பெற்று, முதுமையடைகிறாள். வீடுகளுக்கு இடையே பெண்கள் புழங்குவதற்கென்று குறுகிய முடுக்குகள். தெருவுக்கு வராமலே நாலைந்து வீடு போய்வந்துவிடலாம். ஆண்கள் தலைமுறை தலைமுறையாக இலங்கைக்கும் கிழக்காசியாவுக்கும் வணிகத்துக்குப் போன ஊர் அது. ஆண்கள் இல்லாத மாதங்களில் தாயும் மகளும் பேத்தியும் ஒரு கூரையின் கீழ் இருப்பதற்கான ஏற்பாடு. அங்கே முதுமை என்பது வீடு மாறுகிற சங்கதியே அல்ல. மருமகள் கையை எதிர்பார்க்கும் நிலை அந்தத் தாய்க்கு வருவதில்லை. நம் முதியோர் பிரச்சினையின் பாதி உண்மையில் மாமியார் மருமகள் பிரச்சினை. அதாவது வீடு யார் பெயரில் என்ற பிரச்சினை. இதைக் காயல்பட்டினம் காட்டித்தருவதுபோல் எந்த ஆய்வறிக்கையும் காட்டவில்லை.

மூன்றாவதாக டோனாவூர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் டோனாவூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குழந்தைகளைப் பற்றியே பேசுகிறார்கள்.

களக்காட்டு மலையடிவாரத்தில், 1827இல் ரேனியஸ் காலத்தில் உருவான கிறிஸ்தவக் கிராமம் அது. உதவிய டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயரால் ஊர்ப்பெயர். வட அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, பண்ணைவிளையில் தமிழ் கற்று, பின்னர் இங்கே குடியேறினார். 1901இல் கோயில் தாசியாக்கப்படவிருந்த ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்ததிலிருந்து அவருடைய பணி தொடங்கிற்று. 1918இலிருந்து ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். டோனாவூர் ஐக்கியம் 1927இல் பதிவுபெற்றது. மதமாற்றம் குறித்த விமர்சனம் அன்றே இருந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். நமக்கு இங்கே வேண்டியது அந்த வளாகத்தின் அமைப்பு.

ஏமி அங்கே பெரிய விடுதிக் கட்டடம் எழுப்பவில்லை. சிறுசிறு வீடுகள் கட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சிலர், அவர்களுக்குப் பொறுப்பாக ஒரு பெண். அவளுக்கு வார்டன் என்று பெயரில்லை. அக்காள் என்று பெயர். அயல்நாட்டுப் பெண்கள் சித்தி. ஆண் ஊழியர்கள் அண்ணாச்சி. ஏமி அம்மா. திருநெல்வேலியின் உறவுச்சொற்களைக் கொண்டே ஒரு நிறுவனத்தின் பதவிப் பட்டியல் அமைந்தது வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. சம்பளம் என்பது இல்லை. நிரந்தரமாக அங்கேயே இருக்கத் தீர்மானித்த பெண்கள் மணம் செய்துகொள்ளாமல் பிள்ளைகளை வளர்த்தார்கள், பள்ளியில் கற்பித்தார்கள், மருத்துவமனையில் செவிலியரானார்கள், தோட்டம் பார்த்தார்கள்.

இப்படி அமைந்த இடத்தில் காலம் தன் வேலையைச் செய்தது. அக்காள்மாருக்கு வயதாயிற்று. ஊதியம் பெற்ற ஊழியராக இருந்திருந்தால் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுகொடுத்து அனுப்பியிருப்பார்கள். அக்காளை எங்கே அனுப்புவது? அவள் இருந்த வீட்டிலேயே இருந்தாள். அவள் குளிப்பாட்டி வளர்த்த பெண் இப்போது அவளைக் குளிப்பாட்டினாள். மருத்துவமனை அதே வளாகத்துக்குள். சமைக்க முடியாதவள் கீரை ஆய்ந்தாள், அதுவும் முடியாதவள் சிறுபிள்ளைக்குக் கதை சொன்னாள். முதியோர் பராமரிப்பு என்று யாரும் அங்கே ஒரு திட்டம் தீட்டவில்லை. குழந்தைகளுக்காகக் கட்டிய வீடுகள் முதுமைக்கும் பொருந்தின.

இதில் முதல் முதியவர் ஏமியே. 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து அவருக்கு அடிபட்டது. அப்போது வயது அறுபத்து மூன்று. அதற்குப்பின் 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது வருடங்கள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்து பல நூல்கள் எழுதினார். பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வந்து போனார்கள், நிர்வாகப் பேச்சுகள் நடந்தன, சன்னலுக்கு வெளியே பறவைகள் இருந்தன. இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தால் எந்த இல்லத்தில் இருந்திருப்பார் என்பதை டவுன்சென்டின் நூலைப் படித்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள்.

டோனாவூரை அப்படியே பெயர்த்து நடமுடியாது. அதை இணைத்தது ஒரு மதம், ஓர் அசாத்தியமான ஆளுமை, மணவாழ்வைத் துறந்த பெண்கள். அங்கே வளர்ந்து மூத்த பெண்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். புதிய குழந்தைகள் முன்போல் வருவதில்லை என்றால் அக்காள்மாரைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த கை எது என்ற கேள்வி அதற்கும் உண்டு. ஆனால் ஒரு பாடம் தெளிவு. முதியவருக்குச் சோறும் மருந்தும் மட்டும் போதுமென்றால் ஐம்பது கட்டில் போட்ட கூடம் போதும். அவர் யாருக்காவது எதற்காவது தேவைப்பட வேண்டும் என்றால் சிறு வீடுகளும் கலந்த வயதுகளும் வேண்டும்.

ஐரோப்பா இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. ரிச்சர்ட் கார்கோம் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பதவியை விட்டுவிட்டு லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் வீட்டு வேலைக்காரராகப் போய், தனித்த முதியவர்களின் வீடுகளைக் கூட்டித் துடைத்தார். அவர்களின் துன்பம் வறுமையல்ல, பேச ஆளில்லாததே என்று கண்டு, தம் பணத்தில் ஒரு வீட்டை வாங்கி, சில முதியவர்களுக்குத் தனித்தனி அறைகளும் பொதுவான சாப்பாட்டு மேசையும் அமைத்து, தாமே சமைத்துப் போட்டார். 1956இல் தொடங்கிய ஆபிஃபீல்டு சங்கத்தின் பிறப்பு அது. டென்மார்க் 1987இல் சட்டமியற்றி, பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதையே நிறுத்திவிட்டு, பராமரிப்பு வசதியோடு கூடிய வீடுகளுக்குத் திரும்பியது. அது பணக்கார நாடு என்று ஒதுக்கிவிடலாம். கேரளத்தை அப்படி ஒதுக்க முடியாது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், சில வருடங்களில் ஊர்க்காரர்களையே பயிற்றுவித்துப் படுக்கையாளிகளின் வீடு தேடிப் போகும் அமைப்பாகப் பரவியது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. தலைக்கூத்தல் நடந்த வீடுகளில் இல்லாமற்போன அந்த இரண்டாவது ஜோடிக் கைகளைத்தான் அங்கே ஊர் கொடுத்தது.

தமிழகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் தவறு. வேடிக்கை என்னவென்றால், முதியோர் தம் கூரையின் கீழ் வாழ்வதற்கு உண்மையில் உதவியவை முதியோர் இல்லம் என்ற சொல்லே இல்லாத திட்டங்கள். 1962இல் சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது, மாதம் 20 ரூபாய். 1983 ஜனவரியில் சத்துணவு மையங்களில் ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் மதிய உணவு என்று எம்.ஜி.ஆர். அரசு விரிவாக்கியது. தெருமுனைப் பள்ளிக்கு நடந்துபோய், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருவேளை சூடான சோறு. உலகில் இதற்கு நிபுணர்கள் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருப்பார்கள். ஓய்வூதியம் 2011இல் 1000 ரூபாயாகவும், 2023இல் 1200 ரூபாயாகவும் உயர்ந்தது. தாமிரபரணிப் பகுதியில் இதோடு பீடியையும் சேர்க்க வேண்டும். 1977இல் பீடித் தொழிலுக்கு வருங்கால வைப்புநிதி நீட்டிக்கப்பட்டதன் பயனாக, வாழ்நாள் முழுதும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை சுற்றிய பெண்களில் ஒரு பகுதியினர் கையில் முதுமையில் ஓய்வூதியம் என்று ஒன்று இருக்கிறது. தொகை சொற்பம். ஆனால் சாய்ப்பில் தனி அடுப்பு வைக்கும் துணிச்சலை அது தருகிறது.

சட்டம் மறுபக்கம் போனது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தில் இரண்டு முகங்கள் உண்டு. பராமரிப்பதாக ஒப்புக்கொண்டு சொத்தை எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால், அந்தப் பத்திரத்தைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தின் மூலம் செல்லாததாக்கலாம் என்கிறது 23ஆம் பிரிவு. இது நல்ல முகம். காயல்பட்டினத்துத் தாய்க்கு வழக்கம் கொடுத்த காப்பைச் சட்டம் கொடுக்கப் பார்க்கிறது. இன்னொரு பிரிவு மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லம் என்கிறது. நூற்றைம்பது பேர்! மீண்டும் கட்டடம், மீண்டும் கல்வெட்டு. தமிழக அரசு இதே ஆண்டுகளில் 25 முதியவரும் 25 ஆதரவற்ற குழந்தைகளும் சேர்ந்து வாழும் ஒருங்கிணைந்த வளாகங்களை முயன்றது அறிவார்ந்த காரியம். டோனாவூரைப் பார்த்துச் செய்தார்களா என்று தெரியாது, எண்ணம் அதுதான்.

கடலூரில் ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே திக்கற்றுப்போன முதியவர்களுக்காக ஹெல்ப்பேஜ் இந்தியா தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை அமைத்தது. கூடமல்ல, குடில்கள். காய்கறித் தோட்டம், சமையலில் பங்கு, அவரவர்க்கு ஏற்ற வேலை. அதை ‘கிராமம்’ என்று அழைத்தது சரியான சொல். ஒரே குறை, அதில் எல்லோரும் கிழவர்கள். நூறு முதியவர்கள் மட்டும் வாழும் ஊரை ஊர் என்பது கடினம். கோயம்புத்தூரைச் சுற்றி எழுந்திருக்கும் விலையுயர்ந்த ஓய்வுக்கால வில்லாக்களுக்கும் இந்தக் குறை உண்டு. அங்கே கூடுதலாக வாயிற்காவலும் உண்டு.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இந்திய சராசரி எட்டரைக்கு அருகில். பிறப்பு விகிதம் 2000ஐ ஒட்டியே இரண்டு குழந்தைகளுக்குக் கீழிறங்கத் தொடங்கிவிட்ட மாநிலம் இது. சீவலப்பேரி போன்ற ஊர்களில் அந்த விகிதம் கண்ணுக்கே தெரியும். புதிய கட்டடம் அங்கே தேவையில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன, சத்துணவுக் கூடம் இருக்கிறது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வரும் ஏற்பாடு இருக்கிறது, நூறுநாள் வேலைக்கும் பீடிக்கும் பழகிய நடுவயதுப் பெண்கள் இருக்கிறார்கள். நாலு பூட்டிய வீடுகளுக்கு நடுவே சுவரை எடுத்து ஒரு முற்றத்தையும், முழங்கால் மடங்காத கழிப்பறையையும் கொடுத்தால் அது வளவுதான். இந்த முறை சாதி கேட்காத வளவாக இருக்க வேண்டும் என்பதே அதில் கடினமான பகுதி.

ஓய்வூதியம் முன்பு மணியார்டரில் வந்தது. தபால்காரர் சாய்ப்பு வாசலுக்கே வந்து, ஆச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கைநாட்டு வாங்கி, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். சில்லறை சிலசமயம் குறையும். அது குறித்துப் புகார்களும் இருந்தன. பிறகு அது வங்கி வழியாகவும் கைரேகைக் கருவி வழியாகவும் மாறியது. பணம் குறையாமல் வருகிறது. பீடி சுற்றியும் நாற்று நட்டும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை என்பதால் இரண்டு மூன்று நடை போக வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை அந்த வாசலுக்கு வந்து, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துப்போன ஓர் அரசாங்க ஊழியர் இப்போது வருவதில்லை.